காணாத பொருளுக்குக் கட்டிய பணம்

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன்)

"கடலில் விட்ட வலைக்குக் கணக்கு உண்டு; கையை விட்ட காசுக்குக் கணக்கு இல்லை" என்று என் ஆயா அடிக்கடி சொல்வார்கள். ஆயா பள்ளிக்கூடம் போனவர்கள் அல்லர். ஆயினும் மூன்று ஆண்டுகள் வணிகவியல் பயின்றுவரும் நான், அந்த வாக்கியத்தின் பொருளை ரூ. 12,000 இழந்த பிறகே உணர்ந்தேன். அந்த இழப்பைச் சொல்லி அழுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. கைப்பேசி வழியே முன்பின் அறியாதவரிடம் பழைய பொருள் வாங்கும் பழக்கம் நம் கல்லூரி நண்பர்களிடையே பெருகிவருகிறது. அவ்வாறு வாங்குபவருக்குச் சட்டமும் வங்கியும் எந்த அளவுக்குத் துணை நிற்கும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதை நான் தெரிந்துகொண்ட அளவில் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

ஊர் கற்றுத்தந்த வாணிகம்

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்தவன். டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டளவில் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இருந்த மண் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கோட்டை அழிந்துவிட்டது. பழமையான வேறொன்று எங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் இறால் படும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே எந்த இடத்தில் எந்த நாளில் யார் சுத்து வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. இதற்குக் காவல்காரர் கிடையாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதே காவல். முறை தவறினால் ஊர் கேட்கும்.

பழைய பொருள் வாங்குவதும் எங்கள் ஊரில் இந்த அடிப்படையில்தான் நடக்கும். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, அப்பா வெளியூர்க்காரர் ஒருவரிடமிருந்து படகுக்குப் பழைய மோட்டார் ஒன்று வாங்கினார். விலை பேசி முடித்ததும் பணத்தை அவர் கையில் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவைத்தார். பத்து நாள் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது, குறை இல்லையென்றால் பெரியவர் பணத்தை விற்றவரிடம் சேர்ப்பது என்பது பேச்சு. நான்காம் நாள் நடு ஏரியில் மோட்டார் புகை கக்கி நின்றுவிட்டது. விற்றவர் மறுநாளே வந்து, தம் செலவில் பழுது நீக்கிக் கொடுத்தார். பணம் தம் கைக்கு வராதிருந்ததால்தான் அவ்வளவு விரைவாக வந்தார் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது.

இந்த நிகழ்ச்சியை ஆராய்ந்தால், வாங்குபவரைக் காக்கும் கவசங்கள் மூன்று என்பது விளங்கும். ஒன்று, பொருளைக் கண்ணால் காண்பது. இரண்டு, விற்பவரை அறிந்திருப்பது. மூன்று, பணத்தை நடுவில் ஒருவர் பிடித்துவைத்திருப்பது. மூன்றாவதை வணிகவியல் 'எஸ்க்ரோ' என்று கூறும். நான் அதனை 'நடுவர் கைப்பணம்' என்று சொல்ல விரும்புகிறேன். கைப்பேசியில் வாங்கும்போது முதல் இரண்டு கவசங்களும் கழன்றுவிடுகின்றன. அப்போது நம்மைக் காப்பாற்ற எஞ்சியிருப்பது மூன்றாவது ஒன்றே. அதையும் நானாகவே கழற்றி எறிந்தேன்.

நான் ஏமாந்த விதம்

என் மாமா பயன்படுத்திய கேமரா ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. அதிலிருந்த சிறிய லென்சைக் கொண்டு தொலைவில் நிற்கும் பறவைகளை எடுக்க இயலாது. மழைக்காலம் முடிந்ததும் எங்கள் ஏரிக்குப் பூநாரைகள் வருவதை அறிவீர்கள். அவற்றைப் படமெடுக்க வேண்டும் என்பது ஆசை. ஊர்த் திருமணங்களுக்கும் காதணி விழாக்களுக்கும் படம் எடுத்து நாலு காசு சம்பாதிக்க வேண்டும் என்பது தேவை. புதிய லென்ஸ் எங்களால் எட்ட முடியாத விலை.

2024 நவம்பரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நான் தேடிய லென்ஸ், பழையது, ரூ. 12,000. விற்பவர் கோயம்புத்தூரில் இருப்பதாகவும், சீருடைப் பணியில் இருப்பதாகவும், வெளிமாநிலத்துக்கு மாற்றலாகிப் போவதால் விற்பதாகவும் சொன்னார். தம் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார். பேச்சு மிகப் பணிவாக இருந்தது. என்னைத் 'தம்பி' என்றே அழைத்தார். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள் தம்பி. நீ மாணவன் என்பதால் உனக்கே தருகிறேன்" என்றார். வியாழக்கிழமை மாலை முன்பணம் ரூ. 2,000, வெள்ளிக்கிழமை மீதி ரூ. 10,000, சனிக்கிழமை 'பார்சல் காப்பீடு, பிறகு திரும்பக் கிடைக்கும்' என்று ரூ. 2,500. ஆக மொத்தம் ரூ. 14,500 யு.பி.ஐ. மூலம் அனுப்பினேன். பணம் அனுப்பும்போது கைப்பேசித் திரையில் தோன்றிய பெயர், அவர் சொன்ன பெயர் அன்று. கேட்டதற்கு, "அது என் மைத்துனன் கணக்கு" என்றார். அந்த ஒரு விடையை நம்பியதுதான் நான் செய்த பெரும் பிழை.

ஞாயிற்றுக்கிழமை, 'வரி' என்று மேலும் ரூ. 4,000 கேட்டார். அப்போதுதான் விழித்தேன். லென்சின் படங்களைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். அவை வேறு நாட்டுக் கடை ஒன்றின் படங்கள்.

அந்தப் பணம் என் பணம் அன்று. அம்மா தம் மகளிர் சுயஉதவிக் குழுவில் எனக்காக வாங்கிய கடன். ஞாயிறும் திங்களும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வணிகவியல் மாணவன், ஒப்பந்தச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன், இப்படி ஏமாந்தான் என்று தெரிந்தால் வகுப்பு சிரிக்குமே என்ற வெட்கம். செவ்வாய்க்கிழமை அம்மாவே என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். அம்மா திட்டவில்லை. "யாரிடம் புகார் கொடுக்கணுமோ, முதலில் அதைச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நண்டு பிரிக்கப் போய்விட்டார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் கைப்பேசியை எடுத்தேன்.

வங்கி சொன்ன விடை

முதலில் என் வங்கிக் கிளைக்குச் சென்றேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்றை வகுப்பில் படித்திருந்தேன். வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இன்றி வேறொருவர் செய்த மோசடியால் கணக்கிலிருந்து பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை என்று அது கூறுகிறது. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் அவர் ஏற்கவேண்டிய இழப்புக்கு ஒரு வரம்பு உண்டு. ஆகவே பணம் திரும்பிவிடும் என்று நம்பினேன்.

அங்கிருந்த அலுவலர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பாதுகாப்பு 'அனுமதியில்லாத' பரிமாற்றத்துக்கு மட்டுமே உரியது. திருடன் உங்கள் கணக்கில் புகுந்து எடுத்தால் அது அனுமதியில்லாதது. நீங்களே இரகசிய எண்ணை இட்டு அனுப்பினால், ஏமாற்றப்பட்டு அனுப்பினாலும், வங்கியின் கணக்கில் அது நீங்கள் அனுமதித்த பரிமாற்றமே. அவர் கூறியது எனக்குக் கசந்தது. ஆனால் விதியின்படி சரியே.

நண்பர்களே, இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 2016-இல் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறை ரொக்கத்தைப் போன்றது. நொடியில் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தால் முடிந்தது. டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்க அது மிக அருமையான முறை, ஏனெனில் டீ நம் கையில் இருக்கிறது. காணாத பொருளுக்குக் கட்ட அது ஏற்றதன்று, ஏனெனில் அதில் நடுவர் இல்லை. கடன் அட்டை அப்படியன்று. அட்டையில் கட்டிய பணத்துக்குப் பொருள் வரவில்லை, அல்லது சொன்னதற்கு மாறாக வந்தது என்றால், அட்டை தந்த வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திருப்பக் கோரும் முறை உண்டு. அதைச் 'சார்ஜ்பேக்' என்பர். அதற்கும் காலக்கெடு உண்டு. ஆகவே தாமதிக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் அட்டையில் வாங்கிய பொருளுக்கு விற்பவரோடு அட்டை நிறுவனத்தையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. நம் நாட்டில் அத்தகைய சட்டப்பிரிவு இல்லை. அட்டை நிறுவனங்களின் விதிகளே துணை.

1930 என்னும் எண்

அடுத்து 1930 என்னும் எண்ணை அழைத்தேன். மைய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்த உதவி அமைப்பு 2021-இல் தொடங்கியது. இதன் செயல்முறை எளிது. நாம் தரும் பரிமாற்ற எண், தேதி, தொகை ஆகியவை உடனே உரிய வங்கிகளுக்குப் போகின்றன. நம் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ, அந்தக் கணக்கில் அத்தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. அதற்குள் வேறு கணக்குக்குப் போயிருந்தால், அந்த வங்கிக்கும் செய்தி போகிறது. பணமாக வெளியே எடுத்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய இயலாது. இது வலைக்கும் மீனுக்கும் நடக்கும் ஓட்டம். முதல் ஒரு மணி நேரத்தில் அழைத்தால் வலையில் மீன் இருக்கும். மூன்றாம் நாள் அழைத்தால் வலை மட்டுமே இருக்கும். தொலைபேசியில் சொன்னதோடு, அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் எழுத்தில் பதிவு செய்யவேண்டும்.

என் புகாரில் முதல் ரூ. 12,000 ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது. சனிக்கிழமை அனுப்பிய ரூ. 2,500 மட்டும் கணக்கிலேயே நின்றது. காரணத்தைப் பின்னர்க் காவல்துறை அலுவலர் ஒருவர் சொன்னார். என்னைப்போல் அதே ஆளிடம் ஏமாந்த வேறொருவர் வெள்ளிக்கிழமை இரவே புகார் கொடுத்திருக்கிறார். அதனால் அந்தக் கணக்கிலிருந்து பணம் வெளியே போவது நிறுத்தப்பட்டிருந்தது. என் ரூ. 2,500 உள்ளே போனது; வெளியே வர முடியவில்லை. சில மாதங்களுக்குப் பின் நீதிமன்ற உத்தரவின்பேரில் அது எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் வெட்கப்படாமல் உடனே பேசினார். அதனால் எனக்கு ரூ. 2,500 மிஞ்சியது. நான் வெட்கப்பட்டு இரண்டு நாள் வாய்மூடிக் கிடந்தேன். என் மௌனத்தால் எனக்குப் பின் யார் எவ்வளவு இழந்தார்களோ! ஏமாற்றுபவனுக்கு உற்ற கூட்டாளி ஏமாந்தவனின் வெட்கமே. இந்தக் கட்டுரையை ஆண்டு மலருக்கு எழுதத் துணிந்ததும் இதனால்தான்.

சட்டம் எங்கே துணை நிற்கும்?

வணிகச் சட்டம் நடத்தும் எங்கள் பேராசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து, "இதுவரை தேர்வுக்காகப் படித்தாய், இனி உனக்காகப் படி" என்றார். அவ்வாறு படித்ததன் சாரம் வருமாறு.

ஏமாற்றிப் பணம் பறிப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. முன்பு நாம் '420' என்று வழங்கியது இதைத்தான். கணினி, கைப்பேசி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இவை குற்றவாளியைத் தண்டிக்கும் சட்டங்கள். பணத்தைத் திருப்பித் தருவது வேறு வழக்கு.

இனி, மோசடி இல்லை, பொருளும் வந்தது, ஆனால் குறையோடு வந்தது என்று வைத்துக்கொள்வோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்தது. அதையொட்டி வந்த மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தில் விற்கும் வணிகர், பொருள் குறையுடையதாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஆனால் அதே விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. பலர் அறியாதது இதுதான். தொழிலாக அன்றித் தம் சொந்த நிலையில் பொருளை விற்கும் தனிமனிதருக்கு அந்த விதிகள் பொருந்தா. பழைய கேமராச் சாமான்களைப் பெரும்பாலும் விற்பவர் யார்? நம்மைப் போன்ற தனிமனிதர்கள்தாம்! ஆக, பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கினால் நுகர்வோர் சட்டம் நம்மோடு வரும். ஒருவரின் வீட்டு அலமாரியிலிருந்து வாங்கினால், பெரும்பாலும் அது வாசலோடு நின்றுவிடும்.

அப்படியென்றால் தனிமனிதர் எதை வேண்டுமானாலும் சொல்லி விற்கலாமா? கூடாது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் நமக்குப் பாடத்தில் உள்ளதே. அதன் 16-ஆம் பிரிவு, 'வாங்குபவரே விழித்திருக்க' என்னும் கொள்கையைச் சொல்கிறது. தரத்துக்கான மறைமுக உறுதி, அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர்மீதே பெரும்பாலும் விழும். ஆயின் 15-ஆம் பிரிவின்படி, வருணித்து விற்ற பொருள் வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும். இது தனிமனிதருக்கும் பொருந்தும். ஆகவே "நல்ல நிலையில் உள்ளது" என்ற மழுப்பலான சொல்லோடு நின்றுவிடாதீர்கள். "உள்ளே பூஞ்சை இல்லை, தானியங்கிக் குவியம் வேலை செய்கிறது, வரிசை எண் இது" என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த எழுத்தே பின்னர் வருணனை ஆகும். 27-ஆம் பிரிவையும் மறக்க வேண்டாம். பொதுவிதிப்படி, தனக்கு உரிமையில்லாத பொருளை விற்றவன் வாங்குபவனுக்கு உரிமை தர முடியாது. திருட்டுக் கேமராவை அறியாமல் வாங்கினாலும், உரியவர் வந்தால் அது நம்முடையதாகாது.

நம் மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் 'நுகர்வோர்' ஆகார் என்று சட்டம் சொன்னாலும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரை அது விலக்கவில்லை. திருமணப் படம் எடுத்துப் பிழைக்கக் கேமரா வாங்கும் மாணவனும் நுகர்வோரே. விற்ற கடை டில்லியில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம், எங்களுக்குத் திருவள்ளூர். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நடுவர் கைப்பணத்தின் வரலாறு

அப்பா மோட்டார் வாங்கிய முறை உலகத்துக்குப் புதிதன்று. நம் அஞ்சல் துறை 1877-இல் 'வி.பி.பி.' முறையைத் தொடங்கியது. அஞ்சல்காரர் பார்சலைக் கொண்டுவந்து, விலையைப் பெற்றுக்கொண்டு பொருளைத் தருவார். பணம் விற்றவருக்குப் போகும். தாத்தா காலத்தில் சென்னைப் பதிப்பகங்களின் புத்தகங்கள் கிராமங்களுக்கு வந்தது இவ்வழியில்தான். பொருள் வராமல் பணம் போகும் ஆபத்தை அது நீக்கியது. ஆயினும் பணம் கட்டிய பிறகே பார்சலைப் பிரிக்க முடியும். உள்ளே புத்தகமா, செங்கல்லா என்பது பிறகே தெரியும். இன்றைய 'வந்தபின் பணம்' முறைக்கும் பெரும்பாலும் இக்குறை உண்டு.

இந்தக் குறையையும் தீர்த்த முறைக்கு ஒரு சுவையான தொடக்கம் உண்டு. சீனாவில் தாவ்பாவ் என்னும் விற்பனைத் தளம் 2003-இல் தொடங்கியபோது, முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்ப மக்கள் அஞ்சினர். பணத்தைத் தளமே வாங்கிவைத்து, பொருள் சரியாக வந்தது என்று வாங்கியவர் சொன்ன பிறகு விற்றவருக்குத் தருவது என்று முடிவு செய்தனர். அலிப்பே என்று பின்னர்ப் பெரும்புகழ் பெற்ற அந்த ஏற்பாட்டின் முதல் பரிமாற்றம் 2003 அக்டோபரில் நடந்தது. ஜப்பானில் இருந்த ஒருவர் விற்க, சீனாவின் சியான் நகரில் இருந்த ஒருவர் 750 யுவானுக்கு வாங்கினார். வாங்கிய பொருள் என்ன தெரியுமா? ஒரு பழைய ஃபுஜி கேமரா! இதைப் படித்தபோது, கோட்டைக்குப்பத்துப் பெரியவர் கைக்கும் அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் கொள்கை ஒன்றே என்று எண்ணி வியந்தேன்.

இந்தியாவில் ஈபே நிறுவனம் 'பைசாபே' என்ற பெயரில் இத்தகைய முறையை நடத்தியது. அத்தளம் 2018-இல் மூடப்பட்டது. வெளிநாடுகளில் பழைய கேமரா வாங்குவோர் பேபால் முறையை நாடுகின்றனர். அதில் இரண்டு வழிகள் உண்டு. 'பொருளுக்கும் சேவைக்கும்' என்று அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு உண்டு. 'நண்பருக்கும் குடும்பத்தாருக்கும்' என்று அனுப்பினால் இல்லை. கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லி இரண்டாம் வழியில் அனுப்பச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. அவர் மிச்சப்படுத்துவது தம் கட்டணத்தை, விட்டுக்கொடுப்பது நம் பாதுகாப்பை. இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையைப் பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே நம் ஊருக்குள் வாங்கும் நமக்கு அது உதவாது.

நான் இன்று கடைப்பிடிக்கும் முறை

2025 பிப்ரவரியில் மீண்டும் ஒரு லென்ஸ் வாங்கினேன். இம்முறை சென்னையில் இருந்த ஒருவரிடம். அவர் அஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார். நானே வருகிறேன் என்றேன். பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் சென்னை எவ்வளவு தூரம்? அந்தப் பயணச்சீட்டுதான் நான் கட்டிய காப்பீடு. அன்று செய்தவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, புறப்படுமுன் ஒரு தாளில் அன்றைய தேதியையும் என் பெயரையும் எழுதி, லென்சின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பொருள் கையில் உள்ளவருக்கு இது இரண்டு நிமிட வேலை. இல்லாதவருக்கு இயலாத வேலை.

இரண்டாவது, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகலில் சந்தித்தேன். லென்சின் ஒரு பக்கம் டார்ச் விளக்கைக் காட்டி மறுபக்கம் வழியே பார்த்தேன். சிலந்தி நூல்போல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இருந்த கண்ணாடிகளுக்கு இந்த நோய் எளிதில் வரும். உலோக வளையத்தில் உப்பரிப்பு உள்ளதா, உள்ளிருக்கும் இதழ்கள் எண்ணெய்ப் பிசுக்கின்றித் திறந்து மூடுகின்றனவா என்று பார்த்தேன். என் கேமராவில் பொருத்தி, அருகிலும் தொலைவிலும் பத்துப் படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேமராவே வாங்குவதானால், அது எத்தனை படங்கள் எடுத்துள்ளது என்ற கணக்கையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பொருள் கைக்கு வந்த பிறகே யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பினேன். திரையில் வந்த பெயரும் அவர் சொன்ன பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். வரிசை எண், விலை, தேதி எழுதிய இரண்டு வரி இரசீதில் கையெழுத்து வாங்கினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தாம் வாங்கியபோது கிடைத்த பழைய பில்லையும் எடுத்துத் தந்தார். நேர்மையாளர் சோதனைக்கு வருந்துவதில்லை.

நேரில் போக இயலாத தொலைவு என்றால்? பணத்தை நடுவில் வைத்திருக்கும் தளத்திலோ, பில் தரும் பழைய கேமராக் கடையிலோ, முடிந்தால் அட்டை மூலமோ வாங்குக. தளத்துக்கு வெளியே வந்து நேரடியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே விலகுக. பார்சலைப் பிரிப்பதை, முகவரிச் சீட்டு தெரியுமாறு தொடக்கம் முதல் முடிவு வரை இடைவெட்டின்றிப் படம் பிடித்துவைக்க. உரையாடல்களை அழிக்காதீர்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணோ, கட்டம் போட்ட குறியீட்டை வருடுவதோ ஒருபோதும் தேவையில்லை. அது விற்பவராக நாம் இருக்கும்போது வரும் வலை. தனிமனிதர் இன்னொருவரிடம் 'பணம் கேட்டு' அனுப்பும் யு.பி.ஐ. வசதியால் நடந்த மோசடிகளைக் கருதி, அதனை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்துமாறு தேசியக் கொடுப்பனவுக் கழகம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு ஏமாந்துவிட்டால், அந்த நிமிடமே 1930.

முடிவுரை

'தெரிந்து தெளிதல்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அது அரசனுக்குச் சொன்னது என்று எண்ணியிருந்தேன். ரூ. 12,000 கொடுத்தபின், அது கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது என்று தெளிந்தேன்.

அந்தக் கடன் அடைந்துவிட்டது. பாதியை அம்மா நண்டு விற்று வாரத் தவணையாகக் கட்டினார். மீதியை ஆண்டிக்குப்பத்தில் நடந்த ஒரு திருமணத்திலும், இரண்டு காதணி விழாக்களிலும் படம் எடுத்து நான் கட்டினேன். கடைசித் தவணை கட்டிய மறுநாள் விடியற்காலையில் அப்பாவின் படகில் போய்ப் பூநாரைகளை எடுத்தேன். படம் நன்றாகவே வந்திருக்கிறது. அதைப் பார்த்த அப்பா, பறவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "லென்சுக்குப் பணத்தை யாரிடம் கொடுத்துவைத்தாய்?" என்று கேட்டார். "யாரிடமும் இல்லை அப்பா, பார்த்து வாங்கினேன்" என்றேன். "அது போதும்" என்றார்.

மாணவ நண்பர்களே! நம் ஊர்களில் முகம் தெரிந்தவர்களின் நம்பிக்கையில் வாழ்ந்து பழகிவிட்டோம். அந்த நம்பிக்கை நம் குறை அன்று, நம் செல்வம். அதை முகமே இல்லாத திரைக்கு முன்னால் அப்படியே கொட்டிவிடக் கூடாது என்பதே நான் சொல்ல விரும்புவது. பொருளைக் காண முடியவில்லையா, ஆளை அறிய முடியவில்லையா, நடுவில் ஒருவரை நிறுத்துங்கள். நடுவரும் இல்லையென்றால், அந்தப் பொருள் நமக்கு வேண்டாம். ஏமாந்துவிட்டாலோ, வெட்கப்படாமல் உடனே பேசுங்கள். உங்கள் குரலால் முகம் தெரியாத இன்னொருவரின் வீட்டுப் பணம் காப்பாற்றப்படலாம். எனக்கு அப்படித்தான் ரூ. 2,500 திரும்பி வந்தது.